டிஸ்க் கோல்ஃப் களம்

டிஸ்க் கோல்ஃப் களம் என்பது, பறக்கும் தட்டுகளைக் கையால் எறிந்து, சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைகளில் விழச் செய்யும் விளையாட்டுக்காக அமைக்கப்படும் இடம் ஆகும். கோல்ஃப் விளையாட்டில் பந்தைக் குழியில் வீழ்த்துவது போலவே, இங்கும் மிகக் குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் ஆடி முடிப்பவர் வெற்றி பெறுகின்றார். கோல்ஃப் திடல்கள் பொதுவாகத் தனி நிலங்களில் அமைகின்றன. டிஸ்க் கோல்ஃப் களங்களில் பெரும்பாலானவையோ நடைபயிற்சி செய்வோரும், சிறுவர்களும், நாய்களுடன் உலாவுவோரும் வந்துபோகும் பொதுப் பூங்காக்களில் அமைந்துள்ளன. இவ்விளையாட்டு குறைந்த செலவில் பரவியதற்கும், அது எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல்களுக்கும் இதுவே காரணமாகும்.

வரலாறு

தட்டுகளை இலக்கு நோக்கி எறியும் ஆட்டங்கள் வட அமெரிக்காவில் பல இடங்களில் தனித்தனியே தோன்றின. 1926 இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள பிளாட்வொர்த் என்னும் ஊரில் பள்ளிச் சிறுவர்கள் தகர மூடிகளைக் கொண்டு இத்தகைய ஆட்டம் ஒன்றை ஆடினர். நெகிழியால் செய்யப்பட்ட ஃபிரிஸ்பீ தட்டுகள் பரவிய பின்னர், பூங்காவில் உள்ள மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் குப்பைத் தொட்டிகளையும் இலக்குகளாகக் கொண்டு பலர் ஆடினர்.

இவ்விளையாட்டை முறைப்படுத்தியவர் எட் ஹெட்ரிக் (1924–2002). ஃபிரிஸ்பீயைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1975 இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில், நாசாவின் தாரை உந்துகை ஆய்வகத்துக்கு அருகில் உள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். இப்பூங்கா பின்னர் ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்கா எனப் பெயர் மாற்றப்பட்டது. தொடக்கத்தில் அங்கு வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாதங்களைத் தவிர்க்க, தட்டைப் பிடித்துக் கூடையில் விழச் செய்யும் சங்கிலி அமைப்பை ஹெட்ரிக் உருவாக்கினார். இதற்கான காப்புரிமை 1977 இல் வழங்கப்பட்டது. 1976 இல் அவர் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் நிறுவினார்.

1983 இல் டேவ் டனிபேஸ், விளிம்பு சரிவாகக் கூராக்கப்பட்ட புதுவகைத் தட்டை வடிவமைத்தார். இன்னோவா நிறுவனம் வெளியிட்ட இத்தட்டு, ஃபிரிஸ்பீயை விட வேகமாகவும் நெடுந்தொலைவும் பறந்தது. இதனால் விளையாட்டின் தன்மையே மாறியது. மெதுவாகப் பறக்கும் தட்டுகளுக்கென வகுக்கப்பட்ட பூங்காக் களங்களில் இடநெருக்கடியும் ஆபத்தும் கூடின.

அமைப்பு

வழமையான களத்தில் 9 அல்லது 18 கூடைகள் இருக்கும். ஒவ்வொரு கூடைக்கும் ஓர் எறிமேடை உண்டு. எறிமேடையிலிருந்து கூடை வரையான தொலைவு, பூங்காக் களங்களில் பெரும்பாலும் 60 முதல் 120 மீட்டர் வரை அமையும். கூடையின் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். புல்வெளியை மழமழவென்று வெட்டிப் பராமரிக்க வேண்டியதில்லை. மரங்களும் மேடுபள்ளங்களும் இயற்கைத் தடைகளாகவே பயன்படுகின்றன. ஆகவே நகராட்சி ஒன்று ஏற்கனவே உள்ள பூங்காவில் சிறிய செலவில் களம் அமைக்க முடிகின்றது. பெரும்பாலான களங்களில் கட்டணம் இல்லை. சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் உள்ள மோர்லி ஃபீல்டு களம் போன்ற சிலவற்றில் மட்டும் கட்டணம் பெறப்படுகின்றது.

ஆடும் முறை

ஆட்டக்காரர் எறிமேடையிலிருந்து முதல் எறியைத் தொடங்குவார். தட்டு விழுந்து நின்ற இடத்திலிருந்து அடுத்த எறி எறியப்படும். முதல் எறிக்குப் பின், கூடையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளவரே முதலில் எறிய வேண்டும். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடையில் தங்கினால் அக்கூடை முடிவுறும். காணாமற்போன தட்டைத் தேட மூன்று நிமிடம் தரப்படுகின்றது.

தட்டின் பறப்பும் ஆபத்தும்

டிஸ்க் கோல்ஃப் தட்டு, கடற்கரையில் வீசி விளையாடும் ஃபிரிஸ்பீயை விடச் சிறியது, கடினமானது. நெடுந்தொலைவு எறியப்படும் தட்டின் நிறை பொதுவாக 175 கிராம் வரை இருக்கும். இது மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 55 யூல் ஆகும். அதே வேகத்தில் செல்லும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவே. ஆனால் கிரிக்கெட் மைதானத்தில் உள்ளவர்கள் பந்தை எதிர்பார்த்து நிற்கின்றனர். பூங்காவில் நடப்பவர் தட்டை எதிர்பார்ப்பதில்லை. கூடையைப் பார்த்தும் அது என்னவென்று அறியாதோர் பலர் உண்டு.

தட்டு நேர்கோட்டில் பறப்பதில்லை. வலக்கை ஆட்டக்காரர் உடலின் குறுக்கே கையைக் கொண்டுவந்து புறங்கை வீச்சாக எறியும் தட்டு, வேகம் குறையும்போது இடப்பக்கமாகச் சரிந்து இறங்கும். எதிர்க்காற்றில் அதே தட்டு வலப்பக்கம் திரும்பக்கூடும். 2016 இல் டேவிட் விக்கின்ஸ் (இளையவர்) நெவாடா பாலைவனத்தில் பலத்த காற்றின் துணையுடன் தட்டை 338 மீட்டர் தொலைவு எறிந்தார். சாதாரண ஆட்டக்காரரின் எறி இதில் மூன்றில் ஒரு பங்கை எட்டினாலே, சிறிய பூங்கா ஒன்றின் நடைபாதையைக் கடந்துவிடும். எனவே களத்தை வடிவமைப்போர் கூடை இருக்கும் திசையை மட்டுமன்றி, தவறிய எறிகள் விழக்கூடிய பகுதியையும் கணக்கிட வேண்டியுள்ளது.

விதிகளும் பூங்காவின் பிற பயனர்களும்

எறியப்படும் தட்டு எவரையும் காயப்படுத்தாது என்பது உறுதியாகும் வரை எறியக் கூடாது என்பது தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் ஒழுங்கு விதிகளுள் ஒன்றாகும். பூங்காவில் இதன் நடைமுறைப் பொருள், வழியில் நடப்பவர் கடந்து செல்லும் வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும் என்பதே. எறிபாதையில் விரிப்பு விரித்து அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கும் பூங்காவில் சம உரிமை உண்டு. கூடை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் குழுவில் ஒருவர் முன்சென்று பார்த்துச் சைகை காட்டுவார். தட்டு ஒருவரை நோக்கித் திரும்பினால், கோல்ஃபைப் போலவே "ஃபோர்!" என உரக்கக் கத்துவது வழக்கம்.

பொது இடத்தில் நிகழக்கூடிய குறுக்கீடுகளுக்கும் விதிகள் உண்டு. பறக்கும் தட்டு மனிதர் மீதோ விலங்கின் மீதோ பட்டால், அது விழுந்து நின்ற இடத்திலிருந்தே ஆட்டம் தொடரும். நின்றுவிட்ட தட்டை நாய் கவ்விச் சென்றால், அது முன்பு கிடந்த இடத்தைக் குழுவினர் ஒத்துக்கொண்டு அங்கிருந்து ஆடுவர்.

களத்தின் வடிவமைப்பாலும் மோதல்கள் குறைக்கப்படுகின்றன. நடைபாதையை எல்லைக்கு வெளியே உள்ளதாக அறிவித்தால், அங்கு விழும் தட்டுக்கு ஓர் எறி தண்டமாகக் கூட்டப்படும். குறிப்பிட்ட மரத்தின் ஒரு பக்கமாகவே தட்டு செல்ல வேண்டும் எனவும் விதிக்கலாம். இவ்வாறு செய்தால், ஆட்டக்காரர் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளும் முயற்சியிலேயே நடைபாதையைத் தவிர்த்து எறிகின்றார்.

சூழல் தாக்கம்

நாள்தோறும் பலர் ஒரே வழியில் நடப்பதால் எறிமேடையையும் கூடையையும் சுற்றியுள்ள மண் இறுகுகின்றது. இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் வேர்கள் நலிவடைகின்றன. சரிவுகளில் மண் அரிக்கப்படுகின்றது. தட்டுகள் மீண்டும் மீண்டும் மோதுவதால் மரப்பட்டைகள் சிதைகின்றன. டெக்சாசின் ஆஸ்டின் நகரில் ஷோல் ஓடைக் கரையில் உள்ள பீஸ் பூங்காவின் களம் மிகுந்த வரவேற்பைப் பெற்றிருந்தது. அளவுக்கு மீறிய பயன்பாட்டால் பூங்கா சீர்கெட்டதால் 2011 இல் அக்களம் மூடப்பட்டது. ஆட்டக்காரர்களுக்காக ராய் ஜி. கெரேரோ பூங்காவில் வேறொரு களம் அமைக்கப்பட்டது.

இத்தகைய பாதிப்பைக் குறைக்க, ஒவ்வோர் எறிபாதைக்கும் இரண்டு அல்லது மூன்று கூடை நிலைகளை அமைத்து அவ்வப்போது மாற்றுதல், வேர்ப்பகுதியில் மரச்சீவல் பரப்புதல், மரத்தண்டுகளுக்குக் காப்பு இடுதல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன. பல ஊர்களில் உள்ளூர்க் கழகங்களின் தன்னார்வலர்கள் இப்பணிகளைச் செய்கின்றனர்.

பரவல்

களங்களின் எண்ணிக்கையில் ஐக்கிய அமெரிக்கா முதலிடம் வகிக்கின்றது. மக்கள்தொகையுடன் ஒப்பிடுகையில் ஐசுலாந்து, பின்லாந்து, எஸ்தோனியா ஆகிய நாடுகளிலும் களங்கள் மிகுதி. ஐசுலாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில், அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ள கிளாம்பிராதூன் பூங்காவிலேயே 9 கூடைகள் உள்ளன. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது திறந்தவெளி விளையாட்டுகளை நாடியோர் பலர் இதற்கு வந்ததால், பூங்காக் களங்களில் கூட்டம் மேலும் கூடியது.