ஆர்மீனியப் பெண்களும் புலம்பெயர்ந்த மேடையும்

சென்னை உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ள அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை எதுவும் இல்லை. ‘ஆர்மீனியன்’ என்னும் சொல் தமிழர் நாவில் ‘அரண்மனைக்காரன்’ எனத் திரிந்ததன் விளைவே அப்பெயர். வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய ஆர்மீனியர் 1772இல் அங்குக் கன்னி மரியாளுக்கு ஆலயம் எழுப்பினர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இச்சென்னையிலேயே அச்சேறியது. ஓர் இனத்தின் பெயர் பிறமொழிச் சொல் ஒன்றினுள் அடையாளம் தெரியாமல் ஒடுங்கிப்போனதற்கு அத்தெரு ஒரு சான்று. அவ்வினத்துப் பெண்கள் இசைநாடக மேடைக்கு ஆற்றிய பணியும் அவ்வாறே பிறர் வரலாற்றினுள் ஒடுங்கிப்போனது. அதனை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடை ஏறிய பெண்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உதுமானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் மேலைநாட்டு முறை நாடகம் வேரூன்றியபோது, முஸ்லிம் பெண்கள் மேடையேறுதல் விலக்கப்பட்டிருந்தது. பெண் வேடங்களை ஏற்க முன்வந்தோருள் பெரும்பாலோர் ஆர்மீனியப் பெண்கள். 1860களின் தொடக்கத்தில் நடிக்க வந்த அருசியாக் பபாஸ்யான் (1841–1907) அவர்களுள் முன்னோடி. அவர்தம் சமூகத்திலும் நடிகை என்ற பெயர் இழிவாகவே கருதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. மேடை அவர்களுக்கு ஊதியம் தந்தது. அதற்கு விலையாக மதிப்பைப் பறித்துக்கொண்டது.

1870இல் ஹாகோப் வர்தோவியான் என்னும் ஆர்மீனியர், தலைநகரில் துருக்கிய மொழி நாடகங்களை நடத்தும் தனியுரிமையைப் பத்தாண்டுகளுக்குப் பெற்றார். அவர் குழுவின் ஆர்மீனிய நடிகையர் துருக்கிய மொழியிலும் நடித்தனர். அவர்களுடைய உச்சரிப்பைக் குறைகூறியோர் பலர். ஆயினும் துருக்கிய மேடையில் ஒலித்த முதற்பெண் குரல்களுள் அவர்களுடைய குரல்கள் அடங்கும்.

இசைநாடகத் துறையில் இவ்வுண்மை மேலும் துலங்கும். திக்ரான் சுஹாஜியான் (1837–1898) இசையமைத்த ‘லெப்லெபிஜி ஹோர்ஹோர் ஆகா’ 1875இல் அரங்கேறியது. வறுகடலை விற்கும் நாட்டுப்புறத்தான் ஒருவன், காணாமற்போன தன் மகளைத் தேடித் தலைநகருக்கு வந்து அல்லலுறும் கதை அது. ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தோரின் திகைப்பை நகைச்சுவையாகக் கண்ட அந்நாடகம் பெரும்புகழ் பெற்றது. நூல்கள் இசையமைப்பாளரின் பெயரைத் தவறாமல் சொல்கின்றன. அவ்விசைக்கு உயிர்தந்த பாடகியரின் பெயர்களையோ தேடித்தான் எடுக்க வேண்டியுள்ளது. யெரனுஹி, வெர்கினே என்னும் கரகாஷியான் உடன்பிறந்தார் இக்காலத்து மேடையின் புகழ்பெற்ற நடிகையர்; வெர்கினே தேர்ந்த பாடகியுமாவார்.

நாடகமே நாடாக

இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் (1876–1909) தணிக்கை கடுமையாயிற்று. ஆர்மீனிய வரலாற்றை மேடையில் பேசுதல் அரிதாயிற்று. நடிகர் பலர் காக்கேசியப் பகுதிக்குப் பெயர்ந்தனர். அவருள் தலைசிறந்தவர் சிரானுஷ் (1857–1932). கான்ஸ்டாண்டிநோபிளில் பிறந்து, திபிலிசியிலும் பாகுவிலும் புகழ்பெற்று, ஹாம்லெட் வேடத்தையே பெண்ணாக நின்று ஏற்று நடித்தவர். இறுதியில் கெய்ரோவில் மறைந்தார். அவர் பிறந்த ஊரையும் நடித்த ஊர்களையும் மறைந்த ஊரையும் கோடிட்டு இணைத்தால், ஆர்மீனியர் சிதறிய வழிகளின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும்.

1915 ஏப்ரல் 24 அன்று தலைநகரில் ஆர்மீனிய அறிஞர்களும் கலைஞர்களும் கைது செய்யப்பட்டனர். தொடர்ந்த நாடுகடத்தலிலும் படுகொலையிலும் மாண்டோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர் என ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். ஊர் அழிந்தபின் ஊரைப் பற்றிய பாட்டு எஞ்சியது. பிழைப்பு நாடி அயலூர் சென்றவனை ஆர்மீனியர் ‘பந்துக்த்’ என்பர். அத்தகையவன் வானில் செல்லும் கொக்கை விளித்துத் தன் நாட்டுச் செய்தி உண்டா எனக் கேட்கும் பழம்பாடல் ‘குருங்க்’. நம் சத்திமுற்றப் புலவர் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி மனைவிக்குத் தூது விடுத்தார். செய்தியைப் பெற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வீடு இருந்தது. ஆர்மீனியப் பாடலில் செய்தி கேட்பவன் மட்டுமே இருக்கிறான். கொக்கின் விடை இல்லை.

பர்டிசாக் என்னும் ஊரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சாபெல் பனோசியான் (1891–1986), 1917இல் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டுக்காக இப்பாடலைப் பாடினார். உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்றறியாமல் தவித்த குடியேறிகளுக்கு அப்பழம்பாடல் அன்றைய செய்தியாகவே ஒலித்திருக்கும். அகதிகளின் துயர்துடைப்புக்கு நிதி திரட்டவும் அவர் மேடைகளில் பாடினார்.

வெற்றிடத்தின் பெயர்

துருக்கிய நாடக வரலாற்றில் 1920ஆம் ஆண்டு பொன்னெழுத்தில் பொறிக்கப்படுவது. அவ்வாண்டில் அஃபிஃபே ஜாலே (1902–1941) என்னும் முஸ்லிம் பெண், ‘யாமலார்’ என்னும் நாடகத்தில் தடையை மீறி மேடையேறினார். காவலர் துரத்தினர், வேலை பறிபோனது, மனநோய் மருத்துவமனையில் அவர் வாழ்வு முடிந்தது. அவர் பெயரால் 1997 முதல் நாடக விருதுகள் வழங்கப்படுகின்றன. அவருடைய துணிவு போற்றுதற்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வேடம் எவ்வாறு காலியாயிற்று? அதனை ஏற்றிருந்த ஆர்மீனிய நடிகை எலிசா பினேமெஜியான் பாரிசுக்குப் போய்விட்டார். ஒருவரின் வருகை வரலாறாயிற்று. மற்றவரின் செலவு அவ்வரலாற்றின் அடிக்குறிப்பாயிற்று. இருவரும் பெண்கள், இருவரும் அக்காலத்தால் அலைக்கழிக்கப்பட்டவர்கள். ஒருவரை நினைக்க மற்றவரை மறக்க வேண்டுவதில்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்பும் பணியைப் பிற்காலத்தில் பேத்திகள் ஏற்றனர். அமெரிக்க ஆர்மீனியரான லெஸ்லி அய்வாஸியான் ‘ஒன்பது ஆர்மீனியர்’ என்னும் நாடகத்தில், குடியேறிய குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறையை 1990களில் மேடைக்குக் கொணர்ந்தார். ஜாய்ஸ் வான் டைக், தம் பாட்டியின் வாழ்வை அடியொற்றி, உயிர்தப்பிய தோழியர் இருவரின் கதையை நடனம் கலந்த கனவு நாடகமாக 2012இல் பாஸ்டனில் அரங்கேற்றினார். வாய்விட்டுச் சொல்லமுடியாத துயரைச் சொல்ல ஆட்டமும் பாட்டும் உரிய வடிவங்களாகின்றன. சிரானுஷ் நாடுவிட்டு நாடு நடித்துச் சென்றார். இவர்களோ தாம் காணாத நாட்டை மேடையில் தேடினர்.

நாடக வரலாற்றை வகுப்பில் நடத்துகையில் ‘முதல் நடிகை யார்?’ என்னும் வினாவை நானும் ஆண்டுதோறும் கேட்டு வந்திருக்கிறேன். அது ஒரு மதிப்பெண் வினா. ஒரு பெயரோடு முடிந்துவிடும். அவருக்கு முன் அவ்விடத்தில் நின்றவர் யார், அவர் எங்கே போனார், ஏன் போனார் என்னும் வினாக்களையும் இப்போது சேர்த்தே கேட்கிறேன். அரண்மனைக்காரன் தெருவைக் கடக்கும்போதும் அரண்மனையைத் தேடாமல் அந்தப் பெயருக்குள் இருக்கும் ஆர்மீனியரைத் தேடக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் மேடை வரலாற்றிலும் இவ்வாறு பெயரிழந்தோர் எத்தனை பேர் என்னும் கேள்வி அப்போது தானே எழும்.