எழுபது வளைவும் ஒரு ஏ1 தாளும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் போகிறவருக்கு வயிற்றைக் கலக்கும். படம் வரைகிறவனுக்கு வேறு கவலை: இந்தப் பாம்பை எந்தத் தாளில் படுக்க வைப்பது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ட்ரேசிங் துணி, ராட்ரிங் பேனா, அம்மோனியா பிரிண்டின் நெடி. கோடு போடும் முன்பே அளவுத்திட்டத்தை முடிவு செய்தாக வேண்டும். மலைச்சாலை விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள்ஆரம் குறைந்தது 14 மீட்டர். 1:1000இல் வரைந்தால் தாளில் அது 14 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் வடிகால், தாங்குசுவர், கல்வெர்ட் எல்லாவற்றையும் எப்படிக் காட்டுவது? ஆகவே அதே வளைவை இன்னொரு தாளில் 1:200இல் மறுபடி வரைவோம். அங்கே ஆரம் 70 மில்லிமீட்டர் ஆகிவிடும். பிறகு என்ஜினீயர் ஒரு திருத்தம் சொன்னால் பிளேடால் சுரண்டி எல்லாத் தாளிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் தொலைந்தோம்.

நிலத்தை ஒருமுறை அளந்து, பிறகு தாள் தாளாக வெட்டிக் காட்டுவது பழைய பழக்கம்தான். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய சர்வேயின் வழியில் வந்தவைதான் நம் டோப்போ ஷீட்டுகள். 1:50,000 தாள் ஒவ்வொன்றும் அட்சத்தில் 15 நிமிடம், தீர்க்கத்தில் 15 நிமிடம். மலை எங்கே முடிகிறது என்று அந்தக் கட்டம் பார்ப்பதில்லை. கர்ணம் வீட்டில் புலப்படமும் கிராம வரைபடமும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1982இல் ஆட்டோகேட் வந்தது. 1990இல் வந்த ரிலீஸ் 11இல்தான் எங்கள் தலைவலிக்கு மருந்து இருந்தது. மாடல் ஸ்பேஸில் சாலையை நிஜ அளவிலேயே, மீட்டரிலேயே ஒரே ஒருமுறை வரைவது. பேப்பர் ஸ்பேஸ் என்பது பிரிண்ட் எடுக்கப்போகும் தாள். அந்தத் தாளில் ஜன்னல் வெட்டுவது போல வியூபோர்ட் வைத்து, ஒரு ஜன்னலில் முழுச் சாலையையும் இன்னொன்றில் ஒரே வளைவையும் பார்க்கலாம். தாள் மில்லிமீட்டரில் இருந்தால் ஜூம் கட்டளையில் 1எக்ஸ்பி என்றால் 1:1000, 2எக்ஸ்பி என்றால் 1:500, 5எக்ஸ்பி என்றால் 1:200. மூலத்தில் சுவரை நகர்த்தினால் எல்லா ஜன்னலிலும் நகர்ந்துவிடும். முதல் நாள் அதைப் பார்த்தபோது இத்தனை வருடம் பிளேடு பிடித்த கை கூசியது.

ஆனால் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை. 1998, ரிலீஸ் 14. சேலத்தில் ஓர் அலுவலகத்துக்காகக் கொல்லிமலையில் ஒரு தாங்குசுவர் படம். பிரிண்டுக்குப் போகும் முன் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வியூபோர்ட்டுக்குள் நுழைந்து ஜூம் செய்தேன். திரும்பும்போது கண் மட்டத்துக்குச் சரிசெய்துவிட்டு, 5எக்ஸ்பி அடிக்க மறந்தேன். தலைப்புக் கட்டத்தில் 1:200 என்றே இருந்தது. உண்மையில் படம் 1:220. இடம் போதவில்லை என்று சுவரின் நீளத்தை எண்ணிலும் எழுதவில்லை. 22 மீட்டர் சுவர் தாளில் 10 சென்டிமீட்டராக விழுந்தது. தளத்தில் ஸ்கேல் வைத்து அளந்தவர் 20 மீட்டர் என்று குறித்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்க மூன்று வாரம் இருந்தது. கல்வெர்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மண் திறந்தே கிடப்பதைக் கண்டுபிடித்தவர் மேஸ்திரி. கால்களால் அளந்துவிட்டு, "சார், படம் ஒண்ணு சொல்லுது, தரை ஒண்ணு சொல்லுது. ரெண்டு மீட்டர் ஒதைக்குது" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த இடத்துக்கு நேர் கீழே அடுத்த வளைவில் பஸ் போகும்.

1999இல் வந்த ஆட்டோகேட் 2000இல் ஒரே கோப்பில் பல லேஅவுட்டுகள் வைக்கலாம். வியூபோர்ட்டைப் பூட்டவும் வசதி வந்தது. எனக்குப் பூட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. அதோடு டோப்போ ஷீட்டின் அடியில் இருக்குமே, அந்தக் கோட்டு அளவுகோல், அதையும் மாடல் ஸ்பேஸிலேயே வரைந்து ஜன்னலுக்குள் தெரியும்படி வைக்க ஆரம்பித்தேன். படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும்.

போன வருடம் பேரனோடு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது வண்டியை நிறுத்திப் பார்த்தேன். சுவர் நிற்கிறது. கடைசி இரண்டு மீட்டரில் மட்டும் கல்லின் நிறம் வேறு. எத்தனையாவது வளைவு என்று சொல்ல மாட்டேன்.