முன்பின்னாக அணிந்த மேலங்கி

சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார் என்னைக் காண வந்தார். மகன் லடாக் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடிவு செய்துவிட்டானாம். "பினாங்கு வெயிலில் வளர்ந்த பிள்ளை ஐயா, அந்தக் குளிரை எப்படித் தாங்குவான்? போக வேண்டாமென்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றார். நான் வரலாற்றைப் புரட்டினேன்.

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் பிஞ்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். மற்றவர்கள் கம்பளி உடைகளை நம்பியிருக்க, அவர் பலூன் துணிக்குள் வாத்தின் மென்தூவியை அடைத்துத் தைத்த மேலங்கியுடன் வந்தார். தோழர்கள் நகைத்தனர். குளிர்காற்று வீசியபின் நகைப்பு அடங்கியது. அவ்வாண்டு மே 27 அன்று அவரும் ஜெப்ரி புரூசும் பிராணவாயுவின் துணையுடன் ஏறத்தாழ 8,320 மீட்டரை எட்டினர். அதுவரை எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

தூவி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடற்சூட்டால் வெதுவெதுப்பான காற்றை வெளியேறவிடாமல் காக்கிறது. பலூன் துணி வெளிக்காற்றைத் தடுக்கிறது. மோட்டார் சைக்கிளோட்டிக்கும் இதுவே பாடம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் பருத்தி உள்ளாடை ஆகாது. மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் தூவி அங்கி, எல்லாவற்றிற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணிய வேண்டும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை வெப்பம் குறைகிறது. கர்துங் லா கணவாயோ 5,359 மீட்டர் உயரம். வண்டியின் வேகம் அக்குளிரை மேலும் கூட்டும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்க இயலாது. ஆகவே கையுறையில் சிக்கனம் கூடாது.

நம்மவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. ஜார்ஜ் டவுன் சாலைகளில் மேலங்கியை முன்பின்னாக மாட்டி, நெஞ்சில் காற்றுப் படாமல் செல்வோரை நாள்தோறும் காண்கிறோம். வெப்பநாட்டவரான நம் மகேந்திரனும் மோகனதாசும் 1997ஆம் ஆண்டு மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றனர்.

எனினும் மென்காற்றால் வரும் மலைநோயை எந்த உடையும் தடுக்காது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு இரண்டு நாளாவது ஓய்வெடுத்த பின்னரே மேலே செல்ல வேண்டும். தலைவலியும் வாந்தியும் மிகுந்தால் உடனே கீழிறங்க வேண்டும்.

அந்தத் தாயிடம், "போகாதே என்னாதீர்கள். ஓய்வு நாள்களைப் பயணத் திட்டத்தில் எழுதியிருக்கிறானா என்று கேளுங்கள்" என்றேன். மகன் எழுதியிருக்கவில்லை, தாய் கேட்டபின் சேர்த்துக்கொண்டான். பெற்றோர்களே, நீங்களும் கேளுங்கள்.