விண்ணப்பமும் சாட்சியும்

தன்னார்வக் குழுக்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் சண்டை பெரும்பாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. 1984இல் 'தி மார்க்சிஸ்ட்' இதழில் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரை இக்குழுக்களை ஏகாதிபத்தியத்தின் உத்தியோடு சேர்த்துப் பார்த்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஓய வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் பணம் வருவதற்கு முன்னால் ஒரு காகிதம் எழுதப்படுகிறதே, அதை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்தவர்கள் குறைவு. யார், யாரைப் பற்றி, யாருக்கு எழுதுகிறார்கள்? எழுதியது உண்மை என்று யார் சாட்சி சொல்கிறார்கள்?

வேள்விக்குடிச் செப்பேட்டிலிருந்து தொடங்கலாம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பாண்டியன் நெடுஞ்சடையன் கூடல் நகரில் இருக்கும்போது ஒரு பிராமணன் வந்து முறையிடுகிறான். முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோனுக்குக் கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்துக்கொண்டார்கள், அதைத் திருப்பித் தா என்கிறான். அரசனின் பதில் முக்கியமானது. நாட்டாரைக் கொண்டு உன் பழமையைக் காட்டு, காட்டிவிட்டுப் பெற்றுக்கொள் என்கிறான். வந்தவன் காட்டுகிறான், ஊர் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இங்கே கேட்கிறவன் தன் வறுமையை வர்ணிக்கவில்லை, உரிமையைச் சொல்கிறான். அதைச் சரிபார்க்கிறவர்களும் அந்த நாட்டிலேயே வாழ்கிறவர்கள். உடனே பொற்காலம் என்று பாட ஆரம்பித்துவிடக் கூடாது. வேள்விக்குடியின் நிலத்தை உழுதவர்கள் இந்தச் செப்பேட்டில் வாய் திறப்பதில்லை. கொடை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது, உழைப்பு நிலத்தோடு சேர்ந்தே போகிறது.

சோழர் காலத்து விளக்குக் கொடைகளிலும் இதே மௌனம்தான். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுகளில் வரும் கணக்கு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவை 'சாவா மூவாப் பேராடு'. அதாவது ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் கணக்கில் குறையாது. நோய் வந்தால், மழை பொய்த்தால் நஷ்டம் இடையருடையது, புண்ணியம் கொடுத்தவருடையது. தருமம் என்ற சொல்லாடல் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

காலனிய காலத்தில் கொடை நீதிமன்றத்துக்குப் போனது. பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் உயிலில் பெரும்பாலும் கோயில் தருமங்கள்தான். உயில் வழக்கில் கிடந்த காலத்தில் வட்டி பெருகியது. அந்த உபரியைக் கல்விக்குத் திருப்பலாம் என்று நீதிமன்றம் வழிசெய்தது. 1842இல் சென்னையில் பள்ளிக்கூடம் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் செத்துப்போனவரின் விருப்பத்துக்கு இனி அர்த்தம் சொல்கிறவர்கள் வக்கீல்களும் அறங்காவலர்களும். அந்தக் கல்வியும் 1947 வரை இந்துக்களுக்கு மட்டும்தான்.

1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமைக்காக ஒரு கட்டம் வரையப்பட்டது. 'லாஜிக்கல் ஃப்ரேம்வொர்க்' என்று பெயர். நாலு வரிசை, நாலு பத்தி. இலக்கு, நோக்கம், விளைபொருள், உள்ளீடு என்று மேலிருந்து கீழே. ஒவ்வொன்றுக்கும் எதிரே விவரம், அளவுகோல், சரிபார்க்கும் வழி, அனுமானம். பிறகு மற்ற நாட்டு உதவி நிறுவனங்களும் இதை எடுத்துக்கொண்டன. இன்று ப்ரொபோசல் எழுதுகிற பலருக்கு இது தெரிந்த கட்டம். எனக்கும் தெரியும், ஏனென்றால் நானும் நிரப்பியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துப் பெண்களிடையே வேலை செய்த ஒரு சிறு குழுவுக்காக எழுதினேன். பெண்கள் சொன்னது இரண்டே விஷயம். கூலி காணாது. மழைக்காலத்தில் வேலை இல்லை, அப்போது அளத்துக்காரர் ஏதாவது தர வேண்டும். நான் எழுதியது 'திறன் மேம்பாடு', 'மாற்று வாழ்வாதாரம்'. அளவுகோல் பத்தியில் எத்தனை பயிற்சி, எத்தனை பேர். அளத்துக்காரர் எங்கே வந்தார் தெரியுமா? கடைசிப் பத்தியில், அனுமானத்தில். நம் கட்டுப்பாட்டில் இல்லாததையெல்லாம் போடுகிற இடம் அது. வெயில், மழை, அரசாங்கத்தின் கொள்கை, அவற்றோடு முதலாளி. முரண்பாடு வானிலையாகிவிட்டது.

பணம் வந்தது. கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "எங்களப் பத்தி என்ன தம்பி எழுதியிருக்கிய? வாசிச்சுக் காட்டுங்க." இங்கிலீஷில் இருக்கிறது என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தமிழில் இருந்திருந்தாலும் அதை அவர் முன் வாசிக்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

அரசு தன் பங்குக்குச் செய்தது வேறு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வந்தது. 2010இல் அதன் இடத்தில் புதுச் சட்டம். 2020 திருத்தம் இன்னும் இறுக்கியது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. பணம் முதலில் வந்து சேர வேண்டியது டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் கிளையில். ஒரு நிறுவனம் தான் பெற்றதை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. இங்கிலீஷ் தெரிந்த பெரிய நிறுவனத்தின் நிழலில் பிழைத்த சின்னக் குழுக்களுக்கு விழுந்த அடி இது. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளைத் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அந்தப் பணத்தை வைத்துக் கம்பெனிக்கு எதிராகக் கூலி கேட்க முடியுமா? ஆக உள்நாட்டுப் பணம் சுத்தமானது என்ற வாதமும் நிற்பதில்லை.

வேள்விக்குடிக்கும் உப்பளத்துக்கும் இடையே கைமாறிப்போனது சாட்சி. அன்று நாட்டார், பிறகு நீதிமன்றம், இன்று 'சரிபார்க்கும் வழி' என்ற பத்தி. வருகைப் பதிவேடும் போட்டோவும் போதும். அந்த நாட்டாரிலும் உழுதவர்களுக்கு இடமில்லை என்பதால் பழைய சாட்சியைத் திருப்பிக் கேட்பதில் பயனில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். எந்த விண்ணப்பமும் போவதற்கு முன், அது யாரைப் பற்றியதோ அவர்கள் நடுவில் தமிழில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் 'இது நாங்க சொன்னது இல்லையே' என்று சொன்னால் அனுப்பக் கூடாது. பணம் வராமல் போகலாம். அந்த நஷ்டத்தையும் சேர்த்து இயக்கங்களில் இருப்பவர்கள் பேச வேண்டும். அந்த அக்காவுக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.