காலணாவில் எரிந்த கண்ணாடிச் சூளை

ஏரவாடா என்ற பெயரைக் கேட்டதும், புனேயில் குடியேறிய நம்மவர் பலருக்கும் சிறைச்சாலையே நினைவுக்கு வரும். காந்தியடிகள் 1922ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டதும் 1932ஆம் ஆண்டில் உண்ணாநோன்பு இருந்ததும் அங்கேதான். ஆயின் அதே ஏரவாடாவில் டெக்கான் கல்லூரியின் பழைய கருங்கல் மாளிகையும் உண்டு. பால கங்காதர திலகர் இவ்விரு இடங்களையும் அறிந்தவர். கல்லூரியில் 1870களில் மாணவராக இருந்தார். சிறையில் 1898ஆம் ஆண்டில் கைதியாக இருந்தார். அவருடைய சொற்பொழிவுகளையும் சிறைவாசத்தையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவருடைய ஆதரவில் வளர்ந்த ஒரு கண்ணாடிச் சூளையைப் பற்றி அவ்வளவாகப் படித்ததில்லை.

அச்சூளைக்குப் பணம் வந்த வழியே விந்தையானது. அந்தாஜி தாமோதர் காளே என்பவர், சென்ற நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பைசா கொடுத்தால் நாட்டில் தொழில் தொடங்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தார். அக்காலப் பைசா என்பது நம் காலணா. 64 பேர் கொடுத்தால்தான் ஒரு ரூபாய் சேரும். நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். எனினும் அந்தப் பைசா நிதியைக் கொண்டே, புனேக்கு வடமேற்கில் உள்ள தளேகாவில் 1908ஆம் ஆண்டு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது.

கண்ணாடியை ஏன் தேர்ந்தார்கள்? விளக்குக் கூண்டு, மருந்துக் குப்பி, பெண்களின் வளையல் ஆகிய யாவும் அந்நாளில் பெரும்பாலும் கப்பலேறி வந்தன. தேவாலயச் சாளரங்களில் நாம் வியந்து நோக்கும் வண்ணக் கண்ணாடிகளும் அவ்வாறு வந்தவையே. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்த மக்கள் நாம். அத்தகைய நாட்டில் ஒரு விளக்குக் கூண்டுக்கு அயலாரை எதிர்பார்க்க நேர்ந்தது வருந்தத்தக்க நிலையே.

ஆனால் வருத்தம் மட்டும் கண்ணாடியை உருக்காது. 1890களில் தொடங்கப்பட்ட சில தொழிற்சாலைகள் விரைவிலேயே மூடப்பட்டன. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கண்ணாடி என்று சொல்லிவிடலாம், செய்வது வேறு. மணலில் சிறிது இரும்பு கலந்திருந்தாலும் கண்ணாடி பச்சை பாயும். அதைப் போக்க மாங்கனீசை அளவறிந்து இட வேண்டும், மிகுந்தால் ஊதா நிறம் ஏறிவிடும். கோபால்ட்டு நீலம் தரும்; பொன் செந்நிறம் தரும். கண்ணாடியை உருக்கும் களிமண் மூசை வெடித்தால் அன்றைய உழைப்பு முழுதும் சாம்பலில் போகும். ஊதிய பாண்டத்தைப் பதமாக ஆற்றாவிட்டால், அது அலமாரியில் இருக்கும்போதே தானாகப் பிளந்துவிடும். இவற்றை ஏட்டில் படித்தால் போதாது. சூளைக்கு முன் நின்று, வெப்பத்தில் முகம் வாடக் கற்க வேண்டும்.

அப்படிக் கற்றவர் ஒருவர் கிடைத்தார். அவர் வடநாட்டைச் சேர்ந்த ஈசுவர்தாஸ் வார்ஷ்ணேய். முதலில் ஜப்பானுக்குச் சென்று கண்ணாடித் தொழில் பயின்றார். பிறகு அமெரிக்கா சென்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தார். திரும்பி வந்ததும் அவர் தளேகாவின் பொறுப்பை ஏற்றார். அங்கே அவர் நிர்வாகியாக மட்டும் இருக்கவில்லை, ஆசிரியராகவும் இருந்தார். நிதியைத் திரட்டியவர்களின் நோக்கமும் அதுவே. தொழிற்சாலையும் பள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும்; மாணவர் ஊதுகுழலைப் பிடித்து வேலை செய்துகொண்டே கற்க வேண்டும்; கற்றபின் எங்கு வேண்டுமாயினும் சென்று சூளை மூட்டலாம். தொழில் இரகசியத்தைப் பூட்டி வைத்துப் பொருள் சேர்க்கும் இவ்வுலகில் இது துணிவான ஏற்பாடு என்றே நாம் கருதுகிறோம். தமக்குப் போட்டியாளரைத் தாமே பயிற்றுவித்து அனுப்பினார்கள் அன்றோ!

சூளை மூண்ட அந்த 1908ஆம் ஆண்டு தேசத்துக்குக் கொடிய ஆண்டு. மார்ச்சில் வ. உ. சிதம்பரனார் கைதானார். ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரை மண்டலேக்குக் கொண்டு சென்றார்கள். தூத்துக்குடியில் நம்மவர் பங்கு சேர்த்து நடத்திய சுதேசிக் கப்பல் கம்பெனி 1911ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. தளேகாவ் சூளை நிலைத்தது. இரண்டும் ஒரே சுதேசி உணர்ச்சியில் தழைத்தவை. ஒன்று வீழ்ந்து மற்றொன்று நின்றதேன்? கப்பல் ஆங்கிலேயக் கம்பெனியோடு நேருக்கு நேர் மோதியது. கட்டணப் போட்டியும் அடக்குமுறையும் அதை நெரித்தன. குப்பியும் கூண்டும் செய்வோரை அவ்வாறு குறிவைத்துத் தாக்க யாரும் முனையவில்லை. மேலும், கப்பலைப் பறித்தால் மீண்டும் கப்பல் வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டும். கற்ற கையை எவரும் பறிக்க முடியாது.

1914ஆம் ஆண்டில் ஐரோப்பியப் போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்த கண்ணாடிச் சரக்கு நின்றது. சந்தையில் குப்பிக்கும் வளையலுக்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. அப்பொழுது தளேகாவில் பயின்ற கைகளுக்கு மதிப்பு வந்தது. அங்கே கற்றவர்கள் பல மாகாணங்களுக்கும் சென்று சூளைகளில் பணிபுரிந்தனர். சிலர் தாமே தொழிற்சாலை கண்டனர்.

வார்ஷ்ணேயும் தளேகாவிலேயே தங்கிவிடவில்லை. பின்னாளில் ஐக்கிய மாகாணத்துப் பஹ்ஜோயியில் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவி, குப்பியையும் கூண்டையும் விட அரிதான வேலையில் இறங்கினார். வீட்டுச் சாளரங்களுக்கு வேண்டிய தகட்டுக் கண்ணாடியை அங்கே இந்தியக் கைகள் இழுத்தெடுத்தன.