பொடக்காளிக்கு ஆயக்கட்டு இல்லை

அருள்புரத்தில் நான் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டு. பன்னிரண்டு அறைகள், இரண்டு கழிப்பறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. காலடி அகலம்கூட மண் கிடையாது, எல்லாம் சிமெண்டுத் தளம். ஆனாலும் மாடிப்படிக் கைப்பிடி முழுக்க ஒரு கொடி ஏறியிருக்கிறது. சிவந்த தண்டு, தடித்த இலை. வேர் இருப்பது இருபது லிட்டர் பெயின்ட் வாளியில். கம்பியோடு கொடியைக் கட்டியிருப்பது பனியன் துணி கட்டிங் வேஸ்ட்.

வளர்ப்பவர் ஒடிசாக்காரப் பெண், கம்பெனியில் செக்கிங் வேலை. "இது என்ன கொடிங்க?" என்றேன். "போய்" என்றார். என்னைத்தான் போகச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திகைத்தேன். "போய் சாகா, அக்கா. எங்க ஊர்க் கீரை. எறா போட்டு ஆக்குவோம்." நம்முடைய கொடிப்பசலை.

அந்த வாரம்தான் வகுப்பில் நற்றிணை 179ஆம் பாடலை நடத்தியிருந்தேன். மகள் காதலனோடு போய்விட்டாள், வீட்டில் நின்று தாய் புலம்புகிறாள். அவளுக்கு நினைவு வருவது ஒரு செடி. வீட்டில் வளர்ந்த வயலைக் கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட்டதென்று பந்தை எறிந்து, பாவையை விலக்கி, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுத சின்னப்பெண்தானே அவள் என்கிறாள். வயலையைப் பசலை என்றே உரைகளில் படித்திருக்கிறோம். மாணவிகள் உடன்போக்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவார்கள். அந்தக் கொடி யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. பதினைந்து ஆண்டுகளாக நானும் கேட்கவில்லை.

கேட்டால் விடை எளிதாக இல்லை. நட்டு, நீர் ஊற்றி, அதற்காக அழுதவள் மகள். வீடும் நிலமும் அவளுடையவை அல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கொடிகூட இல்லை. குப்பையில் தானாக முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துவிட்டு வீட்டாரோடு உண்கிறாள். செடியை அறிந்தவளுக்கு மண் சொந்தமில்லை என்பதற்கு இவ்வளவு பழைய சான்று போதும் என்று நினைக்கிறேன்.

பல்லடம் பக்கத்துக் கிராமத்தில் என் அமுச்சிக்கு ஒரு பொடக்காளி இருந்தது. புழைக்கடையைக் கொங்கில் அப்படித்தான் சொல்வோம். அங்கே எந்தச் செடி எங்கே என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். பாத்திரம் விளக்கும் கல்லை ஒட்டிக் கறிவேப்பிலை, ஓடும் தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில் வாழை. தண்ணீர் எட்டாத மூலையில் முருங்கை, அதற்கு அவ்வளவு போதும். அவரையும் சுரையும் ஆடிப்பட்டம், விதை சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தது. வேலியோரம் செம்பருத்தி, தலைக்கும் சாமிக்கும். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் யாரும் விதைக்காமல் வந்தவை. பிடுங்க வேண்டிய களை எது, விடவேண்டியது எது என்று அமுச்சிக்குத் தெரியும்.

தோட்டங்காடு மகன்களுக்குப் போனது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பிறப்பால் மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் அந்த மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. என் அம்மாவின் கல்யாணம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல் திருந்தியபோது பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த ஊரில் நிலம் பனியன் கம்பெனியான கதையை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வந்த தன் நூலுக்குச் 'சகோதர மூலதனம்' என்ற பொருளில் பெயர் வைத்தார். பொருத்தம்தான். சகோதரிகளுக்குப் பொடக்காளிதான்.

பிறகு அதுவும் போனது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. நிறத்தை வடிகட்டினாலும் கரைந்த உப்பு தண்ணீரோடு போகும். நொய்யலுக்குப் போனது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, நிலத்தடிக்கும் இறங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. கழிவுநீரே வெளியேறக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அருள்புரத்தில் உள்ளது உட்பட இன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரைப் பிரித்து உப்பையும் மீட்பது அந்த வழக்கால் வந்ததுதான். விவசாயிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பொடக்காளிக்கு ஆயக்கட்டு கிடையாது, அதற்கு நஷ்ட ஈடு கேட்க யாரும் இல்லை. அமுச்சி பார்த்தது அவரை இலையின் ஓரம் பழுத்துக் கருகியதைத்தான். செவட்டை நோய் என்று நினைத்துச் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார். போர்த் தண்ணீர் உப்பென்று வாய்க்குத் தெரிவதற்கு முன்பே அவரைக்குத் தெரிந்துவிட்டது.

லைன் வீட்டு வாளிகளை இப்போது நான் அந்தக் கண்ணோடு பார்க்கிறேன். போர்த் தண்ணீர் தாங்குபவை வெளிவரிசையில்: பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி, பருப்புக்கீரை. பத்துமணிப்பூவும் பருப்புக்கீரையும் ஒரே பேரினம், ஒன்று கண்ணுக்கு, ஒன்று குழம்புக்கு. கறிவேப்பிலையும் மல்லிகையும் உள்ளே, குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்ததும் அரிசி களைந்த நீரும் அவற்றுக்கு. அரளி உப்பைத் தாங்கும், ஆனால் விஷம். குழந்தைகள் இருக்கும் காம்பவுண்டில் அதை யாரும் வைப்பதில்லை. முருங்கைக் கொம்பு நட ஒருத்தி கேட்டபோது, வேர் சுவரைப் பிளக்கும் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். எதை வைப்பது என்பதில் கடைசிக் கேள்வி, அறை மாறும்போது டாடா ஏஸில் ஏறுமா என்பது.

ஆலிஸ் வாக்கர் 1974இல் தன் தாயின் தோட்டத்தைப் பற்றி எழுதினார். பிறர் நிலத்தில் உழைத்தவர், குடியிருந்த ஓட்டை வீடுகளையெல்லாம் பூக்களால் மறைத்தவர். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். அந்தத் தாய்க்கு வாடகை வீட்டிலும் காலடியில் மண் இருந்தது.

சென்ற ஆண்டு ஒடிசாக்காரப் பெண் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். ஒரு மாதம் வாளியை என் பொறுப்பில் விட்டார். "நல்ல தண்ணி, அக்கா" என்று இரண்டு முறை சொன்னார். ஒரு வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் போர்த் தண்ணீரையே ஊற்றிவிட்டேன், பசலை எதையும் தாங்கும் என்று எங்கோ படித்த தைரியத்தில். திரும்பி வந்தவர் கொடியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஓரம் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டார். மீதியைப் பறித்து, பாதியை என் கையில் தந்துவிட்டு ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பினார்.