குளிரும் இயந்திரமும்

தென்னாட்டிலிருந்து வடக்கே வந்து குடியேறிய நம்மவரை முதல் மார்கழியிலேயே திகைக்கச் செய்வது தேங்காயெண்ணெய்ப் புட்டி. ஊரில் நீராய் ஓடிய எண்ணெய், இங்கே புட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் கட்டியாய் நிற்கும். பட்டறைகளில் பணிபுரியும் அன்பர்கள் குளிர்காலக் காலைகளில் படும் தொல்லையும் இதற்கு நெருங்கிய உறவுடையதே. லேத் தயங்கிச் சுழலும். டீசல் எஞ்சின் எளிதில் உயிர் பெறாது. இயந்திரம் பழுதுற்றதோ என ஐயுறுகின்றோம். பெரும்பாலும் பழுது இரும்பில் இல்லை. எண்ணெயிலும், நீரிலும், பாட்டரியிலும் இருக்கின்றது.

இவ்வுண்மையை ஒரு பெருஞ்சேனை பெருவிலை கொடுத்துக் கற்றதை வரலாறு கூறுகின்றது. 1941-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மன் படைகள் சோவியத் நாட்டினுள் புகுந்தன. குளிர்காலத்துக்கு முன்னரே போர் முடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கணக்குப் பொய்த்தது. டிசம்பர்த் தொடக்கத்தில் மாஸ்கோவின் சுற்றுப்புறங்களில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி சென்டிகிரேடையும் கடந்தது. மசகெண்ணெய் கூழாய் இறுகிற்று, பாட்டரிகள் வலுவிழந்தன. டாங்கிகளின் அடியில் தீ மூட்டி எஞ்சினைச் சூடேற்றினர். மீண்டும் கிளப்ப முடியாதோ என்னும் அச்சத்தால் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, அரிய எரிபொருளைச் செலவழித்தனர்.

ரயில் எஞ்சின்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஜெர்மன் எஞ்சின்களில் நீர்க்குழாய்கள் கொதிகலத்துக்கு வெளியே அமைந்திருந்தன. மிதமான குளிரில் கேடு விளைக்காத அவ்வமைப்பு, ரஷ்யக் குளிரில் குழாய்கள் உறைந்து வெடிக்க ஏதுவாயிற்று. வண்டிகள் நின்றன, எரிபொருளும் கம்பளி உடைகளும் முன்னணியைச் சேரவில்லை. ஒரு குழாயின் வெடிப்பு, நூறு கல் தொலைவில் நின்ற வீரனின் நடுக்கமாயிற்று.

டிசம்பர் 5-ஆம் நாள் சோவியத் படைகள் எதிர்த்தாக்குதல் தொடங்கின. குளிரே வென்றது என்பர் சிலர். அது முழு உண்மையன்று. குளிர் இரு தரப்பினருக்கும் பொதுவன்றோ? சோவியத் டி-34 டாங்கியில், பாட்டரி கைவிட்டாலும் அழுத்திய காற்றால் எஞ்சினைக் கிளப்பும் வசதி இருந்தது. மசகெண்ணெயில் சிறிது பெட்ரோல் கலந்து இளக்கும் முறையும் அவர்கள் கையாண்டதே. எஞ்சின் சூடேறியதும் அப்பெட்ரோல் ஆவியாகிப் போகும். வேற்றுமை ஆயத்தத்தில் இருந்தது.

ஜெர்மானியரும் பின்னர்ப் பாடம் கற்றனர். 1942-இல் வெளிவந்த 52-ஆம் வகைப் போர்க்கால ரயில் எஞ்சின் உறைபனிக் காப்புடன் செய்யப்பட்டது. ஓடிச் சூடேறிய டாங்கியின் வெந்நீரைக் குளிர்ந்த டாங்கிக்கு மாற்றும் முறையும் வழக்கிற்கு வந்தது.

பஞ்சாபிலோ தில்லியிலோ அத்தகைய குளிர் இல்லை. ஆயினும் காரணங்கள் அவையே. ஆகவே இயந்திரத்தைப் பிரிக்குமுன் முறையாக ஆராய்வது நன்று. எண்ணெய் பருவத்துக்கு ஏற்றதா? எண்ணெய் டப்பாவின் மேல் எண்ணை அடுத்து வரும் 'டபிள்யூ' என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. பாட்டரி முழு வலுவுடன் உள்ளதா? பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அதன் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகும். காஷ்மீரம் போன்ற இடங்களில், ரேடியேட்டரில் உறையா மருந்து சேர்த்தாயிற்றா? காற்றழுத்திக் கலத்தில் தேங்கிய நீரை மாலையிலேயே வடித்தாயிற்றா? இறுதியாக, லேத்தைப் பளுவின்றிச் சில நிமிடங்கள் மெல்ல ஓடவிடுவோம். எண்ணெய் இளகியதும், காலையில் முரண்டிய அதே இயந்திரம் வழக்கம்போல் பணிபுரியக் காண்போம்.